முதுகு திறந்ததும் முதுகு மூடியதும்: பழைய வண்டி குறித்த ஓர் ஒப்பாய்வு

1. பொருள் வரையறை

வாங்க முடிந்தது ஒரே வண்டி. அதுவும் பழைய வண்டி. அது வார நாளில் வேலைக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைக்கும் போக வேண்டும். இம்மூன்று நிபந்தனையும் ஒருவர் தலையில் ஒன்றுசேர்ந்தால் எழும் குழப்பத்துக்கு இரு முனைகள் உண்டு: பிக்கப், எஸ்.யூ.வி.

முன்னே ஆள் உட்காரக் கேபினும் பின்னே திறந்த தொட்டியும் உடையது பிக்கப். அந்தத் தொட்டிக்குக் கூரை போட்டு, சீட் வைத்து, பின்கண்ணாடிக்கு ஒரு வைப்பரும் மாட்டினால் அது எஸ்.யூ.வி. நிறுவனம் எதுவானாலும் ஊர் வழக்கில் முன்னது 'பிக்கப்'. பின்னது ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இன்றும் 'ஜீப்'. 2005-ல் வந்த டாடா ஏஸும் அதன் இனமும் 'குட்டியானை' என வழங்கும். யானைக்குத் தனி நூல் வேண்டும் என்பதால் அது இங்கே விலக்கப்படுகிறது.

'பழையது' என்பது பத்து ஆண்டு கடந்தது. விற்பவர் 'சிங்கிள் ஓனர்' என்று சொல்வது. வாங்குபவர் நம்ப விரும்புவது. 'ஆஃப் ரோடு' என்பது தார் இல்லாத தடம். நகரவாசிக்கு அது பொழுதுபோக்கு; மலையில் தோட்டம் வைத்திருப்பவருக்குக் குறைதீர் நாள் மனு.

2. குலமும் மரபும்

இரண்டில் மூத்தது பிக்கப். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் டி மாடல் காரின் பின்புறத்தில் தொட்டி பொருத்தி, தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக விற்கத் தொடங்கியது 1925-ல். லாரியின் சட்டத்தின் மேல் மூடிய கூடு கட்டி, குடும்பத்தோடு போகும் வண்டியாக செவர்லே சபர்பன் வந்தது 1935-ல். ஒரே வண்டியில் இரு வேலை என்னும் ஆசைக்கும் வயது அதே அளவுதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில உழவர் ஒருவரின் மனைவி ஃபோர்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவும் திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றவும் ஒரே வண்டி வேண்டும். அதன் விளைவாக லூ பான்ட் என்னும் வடிவமைப்பாளர் வரைந்த வண்டி 1934-ல் ஜீலாங் நகரில் தயாரானது. அந்த அம்மையாரின் கேள்விதான் இன்றும் கேட்கப்படுகிறது. பன்றி மட்டும் மாறியிருக்கிறது.

இந்தியாவிலும் வரிசை இதுவே. டாடாமொபைல் பிக்கப் 1988, அதே அடித்தளத்தில் சியரா 1991, சுமோ 1994. 'சுமோ' என்ற பெயரைக் கண்டதும் அது 'சுமத்தல்' என்ற வினையடியாகப் பிறந்தது என்று நிறுவத் தமிழறிஞர் கை துறுதுறுக்கும். ஜப்பானிய மல்லர் பெயர் என்பது இன்னொரு சாரார் கொள்கை. இரண்டும் பிழை. டாடா மோட்டார்ஸின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலும் குடும்பப் பெயரிலும் முதலெழுத்துகளைச் சேர்த்தால் கிடைப்பது சுமோ.

சேஸிஸ் ஒன்று, உடம்பு இரண்டு என்பதே இம்மரபு தரும் செய்தி. எனவே பிக்கப்புக்கும் எஸ்.யூ.வி.க்கும் நடப்பது பகைவர் போர் அல்ல, பங்காளித் தகராறு.

3. இரு கட்சிகள்

ஏறியவர் பாடு என்ன என்பதில் இவ்விரு வண்டிகளின் தத்துவம் வேறுபடுகிறது. இறைவன் உயிரைக் காக்கும் முறைக்கு வைணவத்தில் இரு உவமைகள் உண்டு. வடகலையார் சொல்வது குரங்குக் குட்டி: தாயைக் குட்டிதான் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் சொல்வது பூனைக் குட்டி: குட்டி சும்மா இருந்தாலும் தாயே கவ்விக்கொண்டு போகும்.

பிக்கப் குரங்கு நெறியைச் சேர்ந்தது. ஏற்றிய பொருள் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும். கயிறும் தார்ப்பாயும் முடிச்சுப் போடத் தெரிந்த ஒருவரும் தேவை. எஸ்.யூ.வி. பூனை நெறி. உள்ளே எறிந்தால் போதும், கதவு மூடிக்கொள்ளும். ஆனால் பூனை தன் குட்டியைத்தான் கவ்வும். நான்கு மூட்டை தொழுஉரத்தைக் கவ்வினால் அந்த மணம் ஏ.சி. வழியே அடுத்த பொங்கல் வரை வரும்.

4. வார நாள்

வேலைக்குப் போகும் வண்டியின் முதற்பண்பு வெறுமை. ஒருவர், ஒரு பை, ஒரு டிபன் பாக்ஸ், அவ்வளவே சுமை. பிக்கப்பின் துன்பம் இங்கே தொடங்குகிறது. பின்சக்கரத்துக்கு மேல் பட்டை பட்டையாக அடுக்கிய இரும்பு ஸ்பிரிங் ஒரு டன் ஏறினால் பணிந்து நடக்கும்படி செய்யப்பட்டது. சுமை இல்லாதபோது அது பணிவதில்லை. வேகத்தடையில் முன்சக்கரம் ஏறி இறங்கும்போது ஒன்றும் தெரியாது. ஓட்டுநர் நிம்மதியாக மூச்சு விடும் நேரத்தில் பின்சக்கரம் ஏறும். வண்டியின் பின்பாதி துள்ளும். டிபன் பாக்ஸின் மேலடுக்கில் இருந்த சாம்பார் கீழடுக்கில் இருந்த தயிர்சாதத்தைச் சந்திக்கும். ரோட்டின் தரத்தை அளக்க இதைவிட நுட்பமான கருவி இல்லை.

அடுத்தது நீளம். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் சுமார் 5.3 மீட்டர் நீளம். பொலிரோ எஸ்.யூ.வி. அதைவிட ஒரு மீட்டருக்கும் மேல் குறைவு. அந்த ஒரு மீட்டர் காட்டுக்குள் யாருக்கும் தெரியாது. அலுவலக பார்க்கிங்கில் வாட்ச்மேனுக்குத் தெரியும். மழை மூன்றாவது. திறந்த தொட்டியில் லேப்டாப் பை வைக்க முடியாது. பக்கத்து சீட்டில் வைக்கலாம். அதில் ஆள் ஏறும் வரை.

5. மலை நாள்

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. இரண்டும் தார் ரோடு. ஆகவே அவை ஆஃப் ரோடு ஆகா. வயிறு புரட்டுவது சான்றாகக் கொள்ளப்படாது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வண்டி ஏறும் வழி கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து போகிறது. பாறையும் பள்ளமுமான அந்தத் தடம் ஐயத்துக்கு இடமற்ற ஆஃப் ரோடு. அதில் பயணிகளை ஏற்றிச் செல்வது உள்ளூர் ஜீப்.

குட்டை வண்டி மேட்டில் வெல்வதற்குக் காரணம் வடிவக் கணக்கு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே வி-கிராஸில் 3,095 மி.மீ.; பொலிரோவில் 2,680 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய ஒரு முழம். மேட்டின் முகட்டில் முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாமல் இருக்கும் கணத்தில், நீள வண்டியின் வயிறு அந்த ஒரு முழத்தில்தான் பாறை மேல் உட்காருகிறது. பள்ளத்திலிருந்து ஏறும்போது பின்னே நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டியின் வால் மண்ணைக் கிளறும்.

இரண்டாவது காரணம் எடை. பிக்கப்பின் இன்ஜினும் கேபினும் முன்னே இருக்க, தள்ள வேண்டிய பின்சக்கரத்தின் மேல் காற்று மட்டுமே இருக்கிறது. ஈரச் சேற்றில் அது சுழலும், நகராது. பின்சக்கரத்துக்கு மேலாகத் தொட்டியில் நான்கு மணல் மூட்டை போட்டுக் கட்டுவது அனுபவசாலிகளின் மருந்து. மலையை ரசிக்க மணல் சுமந்து போகும் ஒரே வண்டி பிக்கப்தான்.

இவை எல்லாவற்றுக்கும் மேலானது நான்கு சக்கரத்துக்கும் இழுவை போகிறதா என்பது. பழைய பொலிரோ, பழைய ஸ்கார்பியோ, பழைய பிக்கப் எதுவானாலும் பெரும்பாலானவை பின்சக்கரம் மட்டும் தள்ளும் வண்டிகளே. பின்கதவில் '4x4' என்று ஒட்டியிருப்பது ஸ்டிக்கர் கடையின் சாதனை. கியர் குச்சிக்குப் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு குச்சியோ, டேஷ்போர்டில் அதற்கான திருகியோ இருக்க வேண்டும்; அதைப் போட்டால் முன்சக்கரம் உண்மையில் சுழல வேண்டும். விற்பவர் 'அது எப்பவாவதுதான் தேவைப்படும் சார்' என்று சொன்னால், அது வேலை செய்யவில்லை என்று பொருள் கொள்க.

6. பழமையைப் படித்தல்

பழைய வண்டி ஒரு சுவடி. படிக்கும் இடம் வண்டிக்கு வண்டி வேறுபடும். பிக்கப்பைத் தொட்டியில் படிக்க வேண்டும். தொட்டித் தரை நடுவில் குழிந்திருந்தால் அது செங்கலோ ஜல்லியோ சுமந்தது. பின்கதவுச் சங்கிலி ஒரு பக்கம் மட்டும் புதிதாக இருந்தால் மறுபக்கம் விரைவில் அறும். ஸ்பிரிங் அடுக்கில் ஒரு பட்டை மட்டும் கறுப்பாக மின்னினால், அளவுக்கு மேல் லோடு ஏற்றுவதற்காகப் பின்னாளில் சேர்த்த இடைச்செருகல் அது.

எஸ்.யூ.வி.யை மூக்கால் படிக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால் முதல் காற்றில் முந்தைய குடும்ப வரலாறு முழுதும் வரும். கடைசி சீட்டின் மடிப்பில் கைவிட்டால் மிட்டாய்த் தாள் கிடைக்கும். அது நல்ல சகுனம், பிள்ளைகள் இருக்கும் வீட்டு வண்டி. கால்மிதியைத் தூக்கும்போது தரைத் தகட்டில் துரு தெரிந்தால் வெள்ளம் பார்த்த வண்டி. இரண்டுக்கும் பொதுவான விதி: மேலே பெயின்ட் புதிதாகவும் கீழே சேஸிஸ் பழையதாகவும் இருந்தால் கீழே இருப்பதையே நம்புக. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் புனைவிலக்கியம்.

7. சட்டம்

சரக்கு வண்டியாகப் பதிவான பிக்கப்புக்கு மஞ்சள் போர்டு. முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும் அதன் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். வெள்ளை போர்டு எஸ்.யூ.வி.க்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். வி-கிராஸ் போலச் சில பிக்கப்கள் வெள்ளை போர்டிலும் பதிவாகும், ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. லைசென்ஸ் பற்றிய அச்சம் தேவையில்லை. இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024-ல் உறுதிசெய்துள்ளது.

சிக்கல் ஆள் ஏற்றுவதில் இருக்கிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருபவருக்குக் கட்டாயக் காப்பீட்டின்படி நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 1994 திருத்தத்தின்படி சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ உடன் வந்தால் காப்பீட்டுக்குள் வருவார். ஆகவே பிக்கப்பில் ஏறும் மாமா சட்டத்தின் பார்வையில் ஒரு மூட்டை வெங்காயத்துக்காவது உரிமையாளராக இருக்க வேண்டும். அப்போதும் உட்காரும் இடம் கேபின், வெங்காயம் அல்ல.

8. இரவல் இயல்

இதுவரை சொன்ன எதுவும் உண்மையில் தேர்வைத் தீர்மானிப்பதில்லை. வண்டியின் வாழ்வைத் தீர்மானிப்பவர் அதை இரவல் கேட்பவர். எஸ்.யூ.வி. வாங்கியவரிடம் ஆளுக்காகக் கேட்பார்கள்: பெண் பார்க்க, காதுகுத்துக்கு, விமான நிலையத்துக்கு. இவை முகூர்த்தத்தோடு வருபவை, முன்கூட்டியே தெரியும், 'டீசல் போட்டுக்கிறோம்' என்ற உறுதியும் உண்டு. பிக்கப் வாங்கியவரிடம் பொருளுக்காகக் கேட்பார்கள்: கட்டில், பீரோ, கோயில் கொடைக்கு வாடகைப் பாத்திரம், சினைமாடு. இவற்றுக்கு நாளும் இல்லை, கோளும் இல்லை. 'சும்மாதானே நிக்குது' என்ற ஒரு வாக்கியம் போதும். மேலும், எஸ்.யூ.வி.யை இரவல் கொடுத்தால் சாவியோடு முடிந்தது. பிக்கப்பைக் கொடுத்தவர் பீரோவின் ஒரு முனையையும் பிடிக்க வேண்டும்.

9. முடிபு

ஒரு தாளில் கடந்த 12 மாதத்தை இரு பத்தியாக எழுதுக. இடப்பக்கம், கூரைக்குள் அடங்காத பொருளை ஏற்ற வேண்டி வந்த நாள்கள். வலப்பக்கம், இரண்டு பேருக்கு மேல் ஏற வேண்டி வந்த நாள்கள். இடப்பக்கம் மாதத்துக்கு இரண்டைத் தாண்டினால் பிக்கப். தோட்டமோ கடையோ வைத்திருப்பவர் இக்கணக்கையே போட வேண்டியதில்லை. தாண்டாவிட்டால், நான்கு சக்கர இழுவை உள்ள, அடி துருப்பிடிக்காத பழைய எஸ்.யூ.வி. வேலைக்கும் அதுவே, மலைக்கும் அதுவே. கட்டில் மாற்ற வேண்டிய அன்று, இவ்வாய்வில் விலக்கப்பட்ட குட்டியானை, ஸ்டாண்டில் வாடகைக்குக் கிடைக்கும்.