மஞ்சக் கடுதாசிக்கு முன்னால மாமன் ஒரு வார்த்தை

வாங்க மாப்ளே, உக்காருங்க. நீங்க திவால்னு மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறீங்கன்னு சத்திரப்பட்டி பூராவும் பேச்சா இருக்கு. நல்ல காரியம். உங்க கல்யாணப் பத்திரிகைக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுனவன் நான்தான். இதுக்கும் தடவணும்னா கூச்சப்படாம சொல்லுங்க.

ஊரு உலகத்துப் புண்ணுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்த குடும்பம். சொந்தப் புண்ணுக்குக் கட்டுப்போட சீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போகவேண்டியதாப் போச்சு!

உங்க மேல தப்பே இல்ல. 2022 மே மாசம் பஞ்சு ஒரு கண்டி, அதான் 356 கிலோ, லட்ச ரூபாயைத் தாண்டுச்சு. மறு வருஷம் ஜூலை 15-லருந்து ஓட்ட மாட்டோம்னு சின்ன மில்லுக்காரங்களே சொல்லிட்டாங்க. நீங்க நூலையும் கடனுக்கு வாங்கி, துணியையும் கடனுக்கு வித்தீங்க. நடுவுல அந்தப் புது பைக் எதுக்குன்னு மட்டும் நான் கேக்கவே மாட்டேன்.

உலகமே மந்தம்னு வக்கீல்கிட்ட சொல்லாதீங்க. ராஜபாளையத்துல 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில்லு ஆரம்பிச்சப்பவும் மந்தம்தான். அவருக்கும் நமக்கும் என்ன, விடுங்க.

வேலை சுளுவு. 1920-ல போட்ட திவால் சட்டம். ஐநூறு ரூபா கடன் இருந்து கட்ட முடியலன்னாப் போதும், மனு போடலாம். அந்த ஐநூறுக்கு இன்னைக்கு ரெண்டு கிலோ பால்கோவா வருமா? நீங்க கம்பெனியா இருந்திருந்தா சென்னைக் கம்பெனித் தீர்ப்பாயம் வரைக்கும் கௌரவமாப் போயிருக்கலாம். அங்க 2020 மார்ச்சு வரைக்கும் லட்ச ரூபா பாக்கி நின்னாப் போதுமா இருந்துச்சு. இப்ப ஒரு கோடி. துணி வாங்கிட்டு உங்களுக்குப் பதினோரு லட்சம் தராம இருக்கானே ஒரு கம்பெனிக்காரன், அவனை நீங்க ஒத்தையில அந்தப் படி ஏத்த முடியாது. அவன் நிம்மதியாத் தூங்குறான். கோர்ட்டுப் படி ஏறுறது நீங்க.

போன மாசம் வீட்டை என் மக பேருக்கு எழுதி வச்சீங்களாமே. கெட்டிக்காரர்! ஆனா எழுதி ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போட்டா, சும்மா எழுதிக் குடுத்ததை கோர்ட்டு ரத்து பண்ணிரும்; வீடு கோர்ட்டு போடுற ரிசீவர் கைக்குப் போயிரும். என் மக பேர்ல இருக்கிறது எனக்கு இனிக்காதா? இருந்தும் சொல்றேன். உடுத்துற துணி, சோறாக்குற பாத்திரம், படுக்கை, அவ கழுத்துத் தாலி, இதையெல்லாம் சட்டம் தொடாது. அந்த மட்டுக்கும் வெள்ளைக்காரனுக்கு ஈரம் இருந்திருக்கு.

ஈடு வாங்குன பேங்க் ஈட்டைப் பிடிச்சுக்கும். கைமாத்துக் குடுத்தவனுக்குத்தான் மிச்சம் மீதியில விகிதாச்சாரப் பங்கு. அதனால கடன்காரங்க பட்டியல் எழுதுறப்ப என் பேரை விட்டுறாதீங்க. பைக்குக்கு முன்பணம்னு போன தீபாவளிக்கு வாங்குன நாப்பதாயிரம். மாமனார்னு போட வேண்டாம், வெறும் கடன்காரன்னே எழுதுங்க.