மூட்டை கட்டினியே, முளைகட்டிப் பாத்தியா?

மாடி ரூம் தம்பி, கொஞ்சம் கீழ எறங்கி வா. ஓட வேணாம், உன் ஷிப்ட் பஸ்ஸு இன்னும் சுங்குவார்சத்திரமே தாண்டல. அப்படி திண்ணையில உக்காரு. ராத்திரி போன்ல யார்கிட்டயோ, "சார், பேக்கப் இருக்கு சார், தினமும் எடுக்கறோம் சார்"னு சொல்லிக்கினு இருந்தியே, கீழ வரைக்கும் கேட்டுச்சு. ஒரே மூச்சுல மூணு 'சார்' வந்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, பேக்கப் இல்லைன்னு.

நான் படிச்சவன் இல்லப்பா. நாலு காணி நெலத்த சிப்காட்டுக்குக் குடுத்துட்டு, வந்த பணத்துல மாடியில நாலு ரூம் எழுப்பி, உன்ன மாதிரி கம்ப்யூட்டர் பசங்களுக்கு வாடகைக்கு விட்டவன். பதினஞ்சு வருஷமா நீங்க ராத்திரியில பொலம்பறதக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி லினக்ஸ் வந்துடுச்சு. மீதிப் பாதி உனக்கே வரல, அத விடு.

நீ பேக்கப் மூட்ட கட்டறதுக்கு வச்சிருக்கற அந்த டார் இருக்குதே, அது 1979ல யூனிக்ஸ் ஏழாம் பதிப்போட வந்தது. காந்த நாடாவுல பைலையெல்லாம் கட்டி வைக்கறதுக்குன்னு வச்ச பேரு. நாடா போயிடுச்சு, பேரு நிக்குது. எங்க களத்துமேட்டுத் தெருவுலயும் இப்ப களமும் இல்ல, மேடும் இல்ல. கண்டெய்னர் லாரிதான் நிக்குது. பேரு மாறிச்சா?

டார் கட்டும், ஆனா அமுக்காது. அமுக்கறதுக்கு 1992ல ஜிசிப் வந்துது. வைக்கப்போரு போடறப்ப அடுக்கறவன் ஒருத்தன், மேல ஏறி மிதிக்கறவன் ஒருத்தன் இல்லியா? இசட் எழுத்து போட்டியானா மிதிக்கறவனக் கூப்புடறன்னு அர்த்தம். உன் மெஷின் லாக்ல ஒரே வரி ஆயிரம் தபா வரும். மிதிச்சா பத்துல ஒண்ணாகூட சுருங்கும். நீ கொடைக்கானல்ல எடுத்த போட்டோ எல்லாம் ஏற்கெனவே அமுங்கிக் கெடக்குது. அது மேல எவ்ளோ குதிச்சாலும் உன் காலுதான் வலிக்கும். மோரக் கடைஞ்சு வெண்ணெ எடுத்தவன் உண்டா?

சி போட்டா கட்டும். எக்ஸ் போட்டா பிரிக்கும். டி போட்டா உள்ள இன்னா இன்னா இருக்குதுன்னு பட்டியல் வாசிக்கும். எஃப்புக்கு அடுத்தாப்ல மூட்டையோட பேரு வரணும். சின்னக் கோடு போட்டு எழுதறப்ப, அவசரத்துல எஃப்ப இசட்டுக்கு முன்னால எழுதினா, அது 'இசட்'னே ஒரு மூட்டைக்குப் பேரு வச்சிடும். போன வாரம் உன் ஸ்கிரீன்ல அந்த அனாதை இசட்ட நான் பாத்தேன். நீதான் இன்னும் பாக்கல.

அதுக்கும் முன்னாடி ஒரு நாள், பிரிக்கறதுக்கு எக்ஸ் போட வேண்டிய எடத்துல தூக்கக் கலக்கத்துல சி போட்டு, பழைய மூட்ட பேர மட்டும் குடுத்தியே, ஞாபகம் இருக்குதா? "காலி மூட்டை கட்ட எனக்கு தைரியம் இல்ல, கோழையா இருந்துட்டுப் போறேன், மாட்டேன்"ற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி வந்துது. குனு டார் நெஜமாவே அப்படித்தான் சொல்லும். அது வீரனா இருந்திருந்தா, பழைய மூட்டைய அழிச்சுட்டு அந்த எடத்துல காத்த கட்டி வச்சிருக்கும். ஒரு கோழையாலதான் உன் வேல பொழச்சுது. கும்பிட்டுக்கோ.

சரி, விஷயத்துக்கு வரேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தானா கட்டட்டும்னு கிரான்ல ஒரு வரி எழுதி வச்ச. மூட்ட பேர்ல தேதியும் வரட்டும்னு சேத்த. நல்ல புத்திதான். தேதி இல்லன்னா இன்னிக்கு மூட்ட நேத்தய மூட்டைய முழுங்கிடும். பைலு நேத்தே கெட்டுப்போயிருந்தா, கெட்டதத்தான் பத்திரமா வச்சிருப்ப. வருஷம், மாசம், நாள்னு எழுதினியே, அதுவும் சரி. பட்டியல் போட்டா ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையா நிக்கும். கையால ஓட்டிப் பாத்த, ஓடுச்சு. காலரத் தூக்கி விட்டுக்கினு படுக்கப் போன.

அந்தத் தேதியில ஒரு சதவீதக் குறி வருதே, கிரான் அதப் பாத்தா கட்டளை அதோட முடிஞ்சுதுன்னு எடுத்துக்கும். குறிக்கு முன்னால ஒரு பின்சாய்கோடு போட்டாத்தான் மேல போவும். நீ போடல. அதனால தெனம் ராத்திரி ரெண்டு மணிக்கு கிரான் எழுந்திரிக்கும், பாதி வரி படிக்கும், திட்டும், படுத்துடும். திட்டின லெட்டரும் யாரும் தெறக்காத தபால் பொட்டியில போய் விழும். நாப்பது நாளா உன் கம்பெனி பேக்கப் உன் வாயில மட்டும்தான் இருக்குது தம்பி. எப்படித் தெரியும்ன்றியா? உன் ரூம்ல இருக்கற பையன் பாத்துட்டு, உங்கிட்ட சொல்லாம எங்கிட்ட சொன்னான். வாடக பாக்கி வச்சவன் அவ்ளோ விசுவாசமாத்தான் இருப்பான்.

எங்கப்பா வெதநெல்ல நொச்சி எல போட்டு குதிர்ல வப்பாரு. வெதைக்கறதுக்கு முன்னாடி நூறு நெல்ல எண்ணி ஈரத்துணியில முடிஞ்சு வப்பாரு. சில நாள் கழிச்சுப் பிரிச்சு எண்ணுவாரு. எண்பது முளச்சா வயலுக்கு, கொறஞ்சா ஒரலுக்கு. நீ கட்டற கட்டு எல்லாம் சரி, ஒரு தபாவாவது முளைகட்டிப் பாத்தியா? வாரத்துக்கு ஒண்ணு பிரி. பழைய எடத்துலயே பிரிக்காத, பழசு வந்து புதுச மூடிடும். பெரிய சி போட்டு வேற காலி டைரக்டரியக் காட்டு. பிரிச்ச எக்ஸெல்லத் தெறந்து கடைசி வரி வரைக்கும் பாரு. ஜிசிப்புக்கு டி போட்டா மூட்ட கிழியலன்னு சொல்லும். உள்ள இருக்கறது நெல்லா பதரான்னு சொல்லாது.

முளைக்கற வெதையா இருந்தாலும் ஒரே குதிர்ல வைக்காத. 2017 மே 12, வெள்ளிக்கெழம. வான்னாக்ரைன்னு ஒண்ணு வந்து 150 நாட்டுல பொட்டிங்களப் பூட்டிட்டு, தெறக்க 300 டாலரு பிட்காயின்ல கேட்டுச்சு. பிரான்சுல ரெனோ ஆலைங்க நின்னுது. நம்ம ஒரகடம் ரெனோ-நிசான்லயும் உற்பத்தி அடி வாங்குச்சுன்னு பேப்பர்ல வந்துது. மைக்ரோசாஃப்ட் மார்ச்சுலயே ஒட்டுத்துணி குடுத்துடுச்சு, ஒட்டாதவன் கிழிஞ்சான். இதுல வேடிக்க இன்னான்னா, அது எக்ஸெல்ல மட்டும் பூட்டல. சிப்பு, டாரு, பேக்கப்புன்னு பேர் முடியற பைலையும் தேடித்தேடிப் பூட்டுச்சு. திருடனுக்குத் தெரியாதா, அவசரப் பணம் அரிசிப் பானைக்குள்ள இருக்கும்னு?

அதனால ஒண்ணு மெஷின்ல, ஒண்ணு எழுதி முடிச்சதும் கழட்டி வைக்கற டிஸ்க்ல, ஒண்ணு வேற ஊர்ல. பக்கத்து பில்டிங் வேற ஊர் ஆவாது. 2015 டிசம்பர்ல இந்தப் பக்கத்துத் தண்ணி செம்பரம்பாக்கம், அடையாறுன்னு போனப்ப, பில்டிங் நம்பர் கேட்டுக்கினு போவல.

ராமானுஜர் பொறந்த ஊர்ல இருந்துக்கினு இதக்கூட சொல்லலன்னா எப்படி? அவருக்கு முன்னாடி நாதமுனி இருந்தாரு. காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த சில பேரு, குடந்தை ஆராவமுதன் மேல பத்து பாசுரம் பாடக் கேட்டாரு. முடிக்கறப்ப, ஆயிரத்துல இது ஒரு பத்துன்னு வந்துது. மீதி 990 எங்கன்னாரு. தெரியாது சாமின்னாங்க. ஆழ்வார்திருநகரி போயி, மதுரகவி பாசுரத்த 12,000 தபா சொல்லி, நம்மாழ்வார்கிட்ட அந்த ஆயிரத்தோட சேத்து 4,000 பாசுரத்தையும் வாங்கினாருன்னு கத. மொத்தம் எவ்ளோன்னு அந்தப் பத்துக்குள்ளயே எழுதி வச்சதாலதான் தொலஞ்சதே தெரிஞ்சுது. நீயும் எத்தன பைலுன்னு எண்ணி, ஷா-256 எண்ணோட ஒரு தாள்ல எழுதி வை. உனக்கு வந்து பாட நம்மாழ்வார் வர மாட்டாரு.

கடைசியா ஒண்ணு. போன மாச வாடகையக் குடுத்துட்டேன்ற. என் நோட்டுல இல்ல. ரசீத போட்டோ எடுத்து நாப்பது நாளா தெனம் பேக்கப்ல போவுதுன்ற. பிரிச்சுக் காட்டு, பாப்போம்.

இன்னா, முழிக்கற? போ, பஸ்ஸு வந்துடுச்சு. நீ குடுத்தது நெசந்தான். அடிக்கட்டையோட ஜெராக்ஸு மணிமங்கலத்துல என் தங்கச்சி வீட்டுல இருக்குது. ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு வரேன். அதுவரைக்கும் கொஞ்சம் பயந்துக்கினு இரு, ஒடம்புக்கு நல்லது.