இப்போது 83

யாரையும் மனதில் வைத்து இதை எழுதவில்லை. என் மச்சானும் படிப்பான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லேப்டாப்பின் சூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் சிலர் இருக்கிறார்கள். இவர்களுடைய லேப்டாப்பில் வலது மூலையில் ஓர் எண் ஓடிக்கொண்டே இருக்கும். ப்ராசசரின் சூடு, டிகிரி செல்சியஸில். ஆபீஸ் வேலை நடுத்திரையில் கிடக்கும், கண் மூலையில் கிடக்கும். "சாப்பிட வாடா" என்று அக்கா கூப்பிட்டால் "83" என்று பதில் வரும். சோறு ஆறிவிடும், அது ஆறாது. "தலைவலி தேவலையாடா?" என்று கேட்டாலும் "79, இறங்குது" என்பார்கள். ஒருமுறை பெண் வீட்டார் வீடியோ காலில் வந்தார்கள். "தம்பி மாசம் எவ்வளவு வாங்குறீங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்டதும், மூலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் "91 ஆயிடுச்சு சார்" என்றான். அவர் ஆயிரத்தில் எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துத் தலையாட்டினார். திருத்த எங்கள் யாருக்கும் மனம் வரவில்லை.

விவரம் தெரியாதவர்கள் என்றால் மன்னித்துவிடலாம். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சில்லுகள் 100 டிகிரி வரை தாங்கும், அதை நெருங்கினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மசியாவிட்டால் மெஷினே அணைந்துவிடும் என்று நமக்குப் பாடம் எடுப்பதே இவர்கள்தான். பவர் ஆப்ஷனுக்குள் போய் ப்ராசசரின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்தால் டர்போ நின்று சூடு இறங்கும் என்பதும் தெரியும். வைப்பார்கள். இறங்கும். மறுநாளே "மெஷின் ஸ்லோவா இருக்கு" என்று திரும்ப 100 ஆக்குவார்கள்.

நீல விளக்கு எரியும் கூலிங் பேட் வேறு. அதற்கு மின்சாரம் அதே லேப்டாப்பின் யூஎஸ்பியிலிருந்து. அதை வைத்திருப்பது எங்கே? இலவம்பஞ்சு மெத்தையில். காற்றை இழுக்க வேண்டிய அடிப்பக்கம் பஞ்சில் புதைந்து கிடக்கிறது. மூக்கைப் பொத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறலுக்கு மருந்து தேடுகிற வைத்தியம் இது. அந்த கூலிங் பேட் விலைக்கு ஒரு மடக்கு மேசை வாங்கியிருக்கலாம். வாங்க மாட்டான். மெத்தையில்தான் யோசனை ஓடுமாம்.

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, பனையோலை விசிறியை எடுத்துக் கீபோர்டுக்கு வீசினான். அவ்வளவு பரிவோடு அவன் எதற்கும் வீசி நான் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டிலில் மாமனார் துண்டால் தனக்குத்தானே விசிறிக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தார்.

"அப்பாவுக்கும் கொஞ்சம் வீசுடா" என்றாள் என் மனைவி.

"அப்பா 37தான்க்கா."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையன் அடிமூடியைக் கழற்றினான். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் தூசியும் பஞ்சும் கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தன. இடுக்கியால் பிடித்து இழுத்தான். ஒரே துண்டாக வந்தது. ஃபேன் வெறித்தனமாகச் சுற்றிவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடித்தான். காய்ந்து உதிர்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தான். மூடியை முடுக்கும்போது, "மெத்தையில வெச்சு யூஸ் பண்றவரா சார்?" என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு வந்து ஆன் செய்ததும் மூலையில் 52 காட்டியது. மச்சான் பார்த்தான். ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தான். வேறொரு சாஃப்ட்வேரை இறக்கி அதிலும் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மாமா, அந்தக் கடைக்காரன் சென்சாரைக் கெடுத்துட்டான்."