அவுட்போர்டு மோட்டாரின் பனிக்காலத் துயிலும் அதற்கு முற்பட்ட கிரியைகளும்: ஓர் ஆய்வு

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்து அவற்றுள் இரண்டைப் பனிக்கே ஒதுக்கிய தமிழ் இலக்கணம், முன்பனி, பின்பனி என்னும் அவ்விரண்டையும் கொண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக் குளிரை விளக்க முற்பட்டிருப்பின் பெரிதும் இடர்ப்பட்டிருக்கும். அங்குள்ள படகுடையோர் ஆண்டை ஏரி நீராக இருக்கும் காலம், ஏரி தரையாக இருக்கும் காலம் என இரண்டாகவே பகுப்பர்; பின்னதில் ஏரியின்மீது வண்டியே ஓட்டலாமாதலின் படகுக்கு வேலையில்லை. வண்டியின் எண் தகட்டில் பத்தாயிரம் ஏரிகள் என்று பொறித்துக்கொள்ளும் அம்மாநிலத்தில் பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே 11,842 உள்ளமையால், அம்மக்கள் தம் செல்வத்தைக் குறைத்துக் கூறும் அடக்கமுடையோர் என்பதும், இலையுதிர்காலக் கடைசியில் மோட்டாரைப் பிரியும் துயர் அங்கு எத்துணைப் பரவலானது என்பதும் ஒருங்கே பெறப்படும்.

அவுட்போர்டு மோட்டாராவது, எஞ்சின், தண்டு, கியர்ப்பெட்டி, நீரைத் தள்ளும் விசிறி ஆகிய யாவற்றையும் ஒரே உடம்பில் கொண்டு, படகின் பின்பலகைக்கு வெளியே தொங்குவதாகிய பொறி. நார்வேயில் பிறந்து விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். காதலிக்காக ஐஸ்கிரீம் வாங்கிவரத் துடுப்பு வலித்துச் சென்றவர், திரும்புவதற்குள் அது உருகிவிட்டமை கண்டே இப்பொறியை எண்ணினார் என்பது வழிவழி வரும் கதை. உருகுதலால் தோன்றிய பொறிக்கு உறைதலே பகையாய் அமைந்தமை ஆய்வாளர் உன்னத்தக்கது.

அப்பகைக்குக் காரணம், உறையும்போது நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருப்பதாகும். மோட்டார் ஏரிநீரையே உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால் அதன் குடலில் நீர் எஞ்சும். நிமிர்த்தி நிறுத்தின் அது தானே வடியும். இடம் மிச்சமாகுமென்று சாய்த்துக் கிடத்துவோர், சாய்ந்த பகுதியில் தேங்கும் நீர் தன் கடமையைச் செய்யும் என்பதை மறந்தவராவர். கியர்ப்பெட்டியோ இன்னும் நுட்பமானது. அதன் கீழ்த்திருகைக் கழற்றுங்கால் வெளிவரும் எண்ணெய் மோர் நிறத்ததாயின், தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பழுதாகி நீர் உட்புகுந்துள்ளது என்று கொள்க. விசிறிக்குப் பின்னே சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்பு அவ்வளையத்தை அறுப்பதுண்டு. மீனுக்கு வீசியது மோட்டாரைப் பிடித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. புதிய எண்ணெயைக் கீழ்வாயிலிருந்தே ஏற்றி, மேல்வாயில் அது தலைகாட்டியபின் மேல்திருகை முதலிலும் கீழ்த்திருகைப் பின்னரும் முடுக்குதல் மரபு. மரபை மாற்றியோரை அவர்தம் கொட்டகைத் தரையைக் கொண்டு அறியலாம்.

பெட்ரோலைப் பொறுத்தவரை அறிஞரிடையே இரு கட்சிகள் உள. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சியதும் எத்தனாலும் நீரும் கூடிப் பிரிந்து, எரிபொருளை உறிஞ்சும் குழாயின் வாய் எங்குளதோ அங்கேயே, அதாவது தொட்டியின் அடியிலேயே, தங்கும். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையுமாதலின், நிலைநிறுத்தி என்னும் மருந்தைக் கலந்து தொட்டியை நிரப்பி வைக்க என்பர் நிறைகுடக் கட்சியார். பெட்ரோலே இல்லாவிடில் கெடுவதற்கு யாதுமில்லை என்பர் வெறுங்குடக் கட்சியார். நகர்த்தமுடியாத பெருந்தொட்டிக்கு முன்னவர் கூற்றும், கையால் தூக்கிக் கவிழ்க்கத்தக்க சிறுதொட்டிக்குப் பின்னவர் கூற்றும் பொருந்துமாகலின் இவ்வழக்கு எளிதில் தீரற்பாலதே. ஆயினும் தீர்ந்துவிடின் குளிர்காலம் முழுவதும் பேசுவதற்கு யாது உளது? மருந்திட்ட பெட்ரோல் கார்புரேட்டர் வரை சென்று சேரும்பொருட்டு மோட்டாரைச் சில நிமிடம் ஓட்டுதல் வேண்டும் என்பதில் மட்டும் நிறைகுடத்தார்க்குள் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வாறு ஓட்டுங்கால் தோட்டக் குழாயால் நீரூட்டாவிடில், நீரிறைக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் கருகும்.

கிரியைகளுள் தலையாயது புகையூட்டல். கார்புரேட்டருள்ள பழைய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மூச்சுவாயில் ஒருவகை எண்ணெயைப் பீய்ச்ச, அது வெண்புகை கக்கித் திணறி அணையும்; உள்ளே உலோகமெங்கும் படியும் எண்ணெய் துருவைத் தடுக்கும். அயலார் நோக்கில் இது கொலையையே ஒக்குமாயினும், செய்பவர் முகத்தில் காணப்படுவது பரிவே.

பேட்டரியை முழுதும் மின்னேற்றி வைத்தால் அது உறையாது. எலிகள் பற்றி விரிக்கின் பெருகும்; மூடிக்குள் அவை கூடு கட்டும் என்பதோடு நிறுத்துவாம்.

இவை யாவும் அகப்பொருள் நூலார் பிரிதல் நிமித்தம் என்று வகுத்ததன்பாற்படும் என்பது இவ்வாய்வின் துணிபு. நிமித்தம் வழுவியவிடத்துப் பிரிவைத் தொடர்வது ஊடல். மே மாதத்தில் வால்ஐ மீன்பிடிப்பு தொடங்கும் நாளில், படகிறக்கும் சரிவில் பின்னே வண்டிகள் வரிசையாய்க் காத்திருக்க, எத்தனைமுறை கயிறிழுத்தும் மோட்டார் வாய்திறவாதிருத்தல் அதன் மெய்ப்பாடு. ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பாணனையும் தோழியையும் பிறரையும் இலக்கணம் எண்ணிச்செல்லும். மினசோட்டாவில் அவ்வனைவர் பணியையும் மெக்கானிக் ஒருவரே ஆற்றுகிறார். அவருக்கோ மே மாதத்தில் தொலைபேசியை எடுக்கவும் நேரமிராது.