தீபம் ஃபைனல் நியூ

கார்த்திகை தீபச் சிறப்பிதழின் அட்டைக்குப் பத்திரிகை அலுவலகங்களில் பெரிய விவாதம் நடப்பதில்லை. முன்னால் திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரம், பின்னால் மலை, உச்சியில் தீபம். மலையும் மாறாது, கோபுரமும் மாறாது. மாறுவது வருஷம் ஒன்றுதான். ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது டிசைனர் விட்டுவிடுவதும் அந்த வருஷத்தைத்தான். ‘தீபம்’, ‘தீபம் நியூ’, ‘தீபம் ஃபைனல்’, ‘தீபம் ஃபைனல் நியூ’, ‘இதுதான் ஃபைனல்’ என்று வரிசை கட்டி நிற்பவற்றில் அச்சுக்குப் போக வேண்டியது எது? பிரம்மாவும் விஷ்ணுவும் அடிமுடி தேடிய ஊர் இது. அன்னமாகப் பறந்தாலும் விடை கிடைக்காது. ‘ஃபைனல்’ என்ற சொல் அங்கே தாழம்பூவைப் போலத் துணிந்து சாட்சி சொல்லும்.

டிஸ்க் நிரம்பினால் பழி என்னவோ ஃபைலின் பருமன் மேல்தான் விழுகிறது. கணக்கைப் பார்ப்போம். ஒரு ஏ4 பக்கம், 300 டிபிஐ, சிஎம்ஒய்கே என்றால் 2480க்கு 3508 பிக்சல். சுருக்காமல் வைத்தால் சுமார் 35 எம்பி. ஆசிரியர் “தீபத்தை இன்னும் கொஞ்சம் பெரிசா” என்று சொல்லச் சொல்ல, பக்கம் முழுக்க விரியும் லேயர் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே பாரத்தை ஏற்றும். இருந்தாலும் இன்றைய கம்ப்யூட்டருக்கு இது சுண்டைக்காய். டிஸ்க்கை நிரப்புவது பருமன் அல்ல, பிரதிகள். எது சரி என்று தெரியாததால் எதையும் அழிக்கத் துணிவு வருவதில்லை. இன்டிசைனில் படத்தைப் ‘பிளேஸ்’ செய்தால் உள்ளே இருப்பது முன்னோட்டமும் லிங்க்கும் மட்டுமே. ரமணர் என்றதும் கண்முன் வரும், 1946-ல் வெல்லிங் எடுத்த அந்தப் படத்துக்கு நல்ல ஸ்கேன் ஒன்று, ஒரே இடத்தில் இருந்தால் எத்தனை இதழுக்கும் போதும். ‘ரமணர் காப்பி 3’ என்று பத்து இடத்தில் வைத்தால், அவசரத்தில் கைக்கு அகப்படுவது வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாகத்தான் இருக்கும். மகரிஷியின் முகம் கட்டம் கட்டமாக அச்சேறும்.

ரமணாசிரமத்தின் ‘தி மவுண்டன் பாத்’ 1964 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்போர்ன் தொடங்கிய காலாண்டிதழ். அதில் எந்த இதழ் என்று சொல்ல வருஷமும் மாதமும் போதும். ஃபைலுக்கும் அவ்வளவே வேண்டும்: ‘2025-12-அட்டை-03’. வருஷம் முன்னால் நின்றால் கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திவிடும். தேடு பொத்தான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ‘தீபம்’ என்று அடித்தால் அத்தனை வருஷத்துத் தீபத்தையும் ஏற்றிக் காட்டும். ஹார்டு டிஸ்க் மலிவு என்பார்கள். உண்மைதான், ராத்திரி பதினொரு மணிக்கு, பிளேட் போடக் காத்திருக்கும் பிரஸ்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். முடிந்துபோன இதழை யார் மறுபடி திறக்கப் போகிறார்கள் என்பது கொஞ்சம் வலுவான வாதம். பொன்விழா மலர் என்று ஒன்று வரும், அப்போது திறப்பார்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதன் ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6-க்குப் பிறகு வந்த பதிப்புகள் தொடுவதே இல்லை. தொட்டாலும், அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் கையில் இல்லையென்றால் தலையங்கம் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாக விரியும். இதழ் முடிந்த அன்றே ‘பேக்கேஜ்’ கொடுத்து, ஃபான்ட், படம், பிடிஎஃப் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கட்டி வைப்பது அதற்காகத்தான்.

கடைசி ஆட்சேபம், பெயரெல்லாம் எதற்கு, நம் டிசைனருக்கு எது எங்கே என்று அத்துப்படி என்பது. இருக்கலாம். ஆனால் பௌர்ணமி வரும். அவர் கிரிவலம் கிளம்புவார். 14 கிலோமீட்டர், அந்தக் கூட்டத்தில் போன் மணி கேட்காது. இந்திர லிங்கத்தில் தொடங்கிய அழைப்பை ஈசான்ய லிங்கத்தில்தான் எடுப்பார். “டெஸ்க்டாப்லயே இருக்கு சார், நியூ ஃபோல்டர்ல பாருங்க” என்பார். டெஸ்க்டாப்பில் நியூ ஃபோல்டர் 1 முதல் 9 வரை இருக்கும்.