தலைநகரம் பார்க்கப் போகும் தீவுக்காரர்

ஜார்ஜ் டவுன் தமிழர்களில் ஒரு வகையினர் உண்டு. பள்ளி விடுமுறை வந்தால் குடும்பத்தைக் காடியில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஊர் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஊர் பினாங்கு மாதிரி இல்லை என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய் உறுதி செய்துகொண்டு வந்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இந்த வகையைச் சேர்ந்த ஒருவரைத் தீவுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கும்.

தலைநகரம் என்று யாரும் அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. "1826-லயே நீரிணைக் குடியேற்றங்களுக்கு நம்ம ஜார்ஜ் டவுன்தான் தலைநகரம், தெரியுமா? அப்ப கோலாலம்பூர்ல கொசு மட்டும்தான் இருந்துச்சு" என்பார். ஆறே வருஷத்தில், 1832-இல், அந்தப் பட்டம் சிங்கப்பூருக்குக் கைமாறியதை மட்டும் சொல்லமாட்டார். அடுத்தது மாநகர் அந்தஸ்து. எலிசபெத் மகாராணியார் ஜார்ஜ் டவுனுக்கு அதை வழங்கியது 1957 ஜனவரி 1-இல், நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு எட்டு மாதம் முன்னால். கோலாலம்பூருக்குக் கிடைத்தது 1972-இல். "பதினஞ்சு வயசு சின்னப் பயல பார்க்கத்தான் போறோம்" என்று சிரிப்பார். அரசாங்க அலுவலகங்களில் பெரும்பாலானவை புத்ராஜெயாவுக்குப் போய்விட்டதால் இப்போது அந்த ஊர் தலைநகரமே இல்லை என்றும் ஒரு வாதம் வைத்திருக்கிறார். இரண்டாம் படிவம் படிக்கும் மகன், "பாராளுமன்றம் அங்கதானப்பா இருக்கு, மாமன்னர் அரண்மனையும் அங்கதான்" என்று தொடங்கினால், "போய் சாமானை ஏத்துடா" என்று வரலாற்று வகுப்பு முடிந்துவிடும்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டும், ஜெம் தொடங்குவதற்குள் ஈப்போவைத் தாண்டிவிட வேண்டும் என்பது கட்டளை. நான்கு மணிக்கு எழுந்திருப்பது கட்டளையிட்டவர் மட்டும்தான். ஒற்றைக் குளியலறை, ஐந்து பேர், அதில் பாட்டி ஒருவர். எல்லாரும் தயாராகிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது மணி ஏழரை. அந்த எண்ணைக் கேட்டதும் பாட்டிக்கு முகம் மாறிவிடும். "ஏழரையில கிளம்பாதடா, இன்னும் பத்து நிமிஷம் போகட்டும்." அந்தப் பத்து நிமிஷத்தில் மகள் மறுபடியும் கழிப்பறைக்குப் போவாள்.

அல்சாவின் பின்பக்கத்தைத் திறந்தால் கண்ணாடிவரை சாமான். புளிச்சோறு, அவித்த முட்டை, மைலோ ஃபிளாஸ்க், தலையணைகள், பாட்டியின் கோடாலித் தைலம், தம்பி வீட்டுக்குத் தவ் சார் பியா பெட்டிகள், சௌராஸ்தா சந்தையில் வாங்கிய ஜாதிக்காய் ஜெரோக். இவற்றோடு ஒரு ரைஸ் குக்கர். பதினெட்டு லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் ஊரில் சோறாக்க ஒரு சட்டி கிடைக்காதா என்று கேட்கக் கூடாது. தம்பி வீடு கோலாலம்பூரில் இருப்பதாகச் சொல்வார்கள். அது உண்மையில் பூச்சோங்கில் இருக்கும். பினாங்குக் கணக்கில் ரவாங்கைத் தாண்டினால் எல்லாமே கோலாலம்பூர்தான்.

பாலத்தில் ஏறியதும் அவருக்கு முகம் மலரும். 1985-இல் திறந்த பாலம், 13.5 கிலோமீட்டர். தீவை விட்டு வெளியே போகிறவர்களிடம் அதில் டோல் கிடையாது, உள்ளே வருகிறவர்களிடம்தான் வாங்குவார்கள். "பார்த்தியா, வெளிய போறதுக்குக் காசு இல்ல. உள்ள வரணும்னா காசு. சொர்க்கத்துக்கு எவன் சும்மா விடுவான்?" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். 2020-இல் அந்த டோல் 7 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி 74 காசாகக் குறைந்தபோது ஊரே மகிழ்ந்தது. இவருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். சொர்க்கத்துக்குப் பதினெட்டு விழுக்காடு தள்ளுபடியாம்!

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் போதும். அந்தச் சாலை 1994-இல் முழுமையானது. அதற்கு முன்பு தைப்பிங், கோலகங்சார், ஈப்போ, கம்பார், தாப்பா என்று ஒவ்வோர் ஊர்க் கடைத்தெருவுக்குள்ளும் நுழைந்து, லாரிக்குப் பின்னால் மூச்சுமுட்டிப் போன கதை தைப்பிங் வரும்போது தொடங்கும். மெனோரா சுரங்கத்துக்குள் பிள்ளைகள் "ஓ" என்று கத்தும் சத்தத்தில்தான் அது நிற்கும். சுரங்கம் குட்டையானது என்பது பிள்ளைகளுக்குக் குறை.

ஓய்விடங்களில் நிற்பதில் ஒரு விதி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே இடத்தில் வயிறு கலக்காது. சுங்கை பேராக்கில் மகளுக்கு, தாப்பாவில் பாட்டிக்கு, அதைத் தாண்டிய ஐந்தாவது கிலோமீட்டரில் மகனுக்கு. "தாப்பாவில நின்னப்ப என்னடா பண்ணின?" "அப்ப வரலப்பா." தாப்பாவில் அவன் அசாம் பொடி தூவிய கொய்யாவைத் தின்றுகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

தலைநகரம் நெருங்க நெருங்கத் தீவுக்காரர் பேச்சைக் குறைப்பார். ஆறு தடம், தலைக்கு மேலே இரண்டு அடுக்குச் சாலை, இடதும் வலதும் மோட்டார்சைக்கிள்கள். "ஏங்க, வேஸ் இடது பக்கம் போகச் சொல்லுது" என்பார் மனைவி. "அதுக்கு என்ன தெரியும்?" என்று நேரே போவார். இருபது நிமிஷம் கழித்து அதே இடத்துக்கு வந்து, யாரும் கவனிக்காததுபோல் இடது பக்கம் திரும்புவார். இந்தத் தவிப்புக்கு நடுவில் அவருக்கு ஒரே ஆறுதல், 'பி' எழுத்தில் தொடங்கும் பினாங்கு நம்பர் பிளேட் எங்காவது கண்ணில் படுவது. விளக்கை அடித்துக் கையசைப்பார். ஜார்ஜ் டவுனில் அதே வண்டி குறுக்கே வந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். அதைக் குடும்பத்தோடு கைபேசியில் அடக்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். படுப்பார். வெள்ளைச் சட்டையோடு படுப்பார். படுத்தபடியே, "1980-கள்ல நாட்டிலேயே உயரமான கட்டடம் நம்ம கொம்தார்தான், 65 மாடி" என்பார். பக்கத்தில் படுத்திருக்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் அது சொல்லப்படும்.

பத்துமலையில் அவருடைய கணக்கு இன்னும் கூர்மையாகும். 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகனுக்குப் பணிவாகக் கும்பிடு போடுவார், அதில் குறை கிடையாது. படிகளைப் பார்த்ததும்தான் தீவு பேசத் தொடங்கும். "மொத்தம் 272 படிதானே? நம்ம தண்ணீர்மலையில 513." 2018-இல் பத்துமலைப் படிகளுக்கு வானவில் நிறம் பூசியதிலும் அவருக்கு ஓர் ஐயம்: படி குறைவாக இருப்பதை மறைக்கத்தான் பூசியிருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே ஏறுவார். நூறாவது படிக்குப் பக்கத்தில் குரங்குகளை ரசிக்க உட்காருவார். பாட்டி அவரைத் தாண்டி மேலே போய்விடுவார். தண்ணீர்மலையின் 513 படிகளை அவர் கடைசியாக ஏறியது 2012-இல் அங்கே கும்பாபிஷேகம் நடந்தபோது என்று மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இவ்வளவும் முன்னுரைதான். தீவுக்காரரின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் சாப்பாட்டுக் கடைக்கு வர வேண்டும். கோலாலம்பூரில் 'பினாங்கு நாசி கண்டார்' என்று பலகை போட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவர் தேடிப் போவதும் அந்தக் கடைகளைத்தான். சீனர் கடை, மலாய் கடை, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாடு எதுவும் வேண்டாம். 350 கிலோமீட்டர் தாண்டி வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பதையே கேட்டு வாங்கி, அது சரியில்லை என்று சொல்ல வேண்டும். தட்டு வந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். "கறி பஞ்சிர்னு சொன்னேன். இது என்ன, வாய்க்கால்ல தண்ணி வடிஞ்ச மாதிரி இருக்கு?" பிறகு சொற்பொழிவு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் தண்டு போட்டு, இரு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற கதை. கேம்பல் தெருவில் 1907-இலிருந்து நடக்கும் ஹமீதியா. இவையெல்லாம் உண்மை, நன்றாகவே சொல்வார். கேட்கத்தான் ஆள் இருக்காது. கடைசியில் கறி ஊற்றுகிற தம்பியைப் பிடிப்பார்.

"தம்பி, நீங்க பினாங்குல எந்தப் பக்கம்?"

"நான் கடையநல்லூர் அண்ணே. வந்து மூணு மாசம் ஆச்சு. பினாங்கு எங்க இருக்கு?"

வெற்றிப் புன்னகையோடு மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். தீவுக்காரரின் தட்டு அதற்குள் காலியாகியிருக்கும். பூச்சோங்குக்கு இரண்டு பொட்டலம் பூங்குஸும் சொல்லியிருப்பார்.

அவரைக் குறுகிய மனசுக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தம்பி இருபது வருஷத்துக்கு முன்பு வேலை தேடி இந்த ஊருக்கு வந்தவன், திரும்பவில்லை. கூட்டாளிகளில் பாதிப்பேர் இங்கேதான் இருக்கிறார்கள். மகள் படித்து முடித்தால் அவளும் இங்கேதான் வருவாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து "அழகா இருக்குப்பா" என்று சொன்ன வருஷத்திலிருந்துதான் அவர் குறை சொல்வது கூடியிருக்கிறது. பத்துமலைப் படிக்கட்டின் நிறத்தில்கூடத் தப்பு கண்டுபிடிப்பவர், மகளுக்கு எந்த வட்டாரத்தில் அறை வாடகை மலிவு என்று தம்பியிடம் ரகசியமாக விசாரிக்கவும் செய்வார்.

கோலாலம்பூர் வாகனமோட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி விடுமுறையில் ஜாலான் டூத்தா டோல் சாவடியில் உங்களுக்கு முன்னால் ஒரு 'பி' வண்டி நகராமல் நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள். டச் அண்ட் கோ கார்டில் காசு தீர்ந்திருக்கும். அவர் மனைவி கைப்பையில் இன்னொரு கார்டு வைத்திருக்கிறார், இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.