விளக்கேற்று விழா பாக்கி ரூ.1,500

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் நிறுவனத்தில் ஓராண்டு நர்சிங் அசிஸ்டென்ட் படிப்பை முதல் வகுப்பில் முடித்த பெண்ணின் தகப்பன் எழுதுவது. விளக்கேற்று விழாக் கட்டணம் ரூ.1,500 பாக்கி நிற்பதாகவும், அதைக் கட்டினால்தான் பிள்ளையின் அசல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கைக்கு வரும் என்றும் ஆபீஸ் மேடம் போனில் சொன்னார். இன்றைய விலைவாசியில் ஒரு மெழுகுவத்தி அந்த விலைதான் இருக்கும். பிள்ளைகள் வெள்ளை உடையில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுத்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். அதற்குத் தனி ரசீது போடாத தங்கள் பெருந்தன்மையை மறக்கமாட்டோம்.

மளிகை மண்டியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். பாக்கியைத் தீர்ப்பதற்கு முன்னால் பேரேட்டை ஒருதரம் புரட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு, பொறுத்தருள வேண்டும்.

படிப்புக் கட்டணம் 60,000. சீருடை, வெள்ளை ஷூ, அடையாள அட்டை 4,500. மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம் 6,000. தேர்வுக் கட்டணம் 3,000. மெழுகுவத்தியும் சேர்ந்தால் 75,000. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கான வட்டியை, தங்கள் மனம் நோகுமே என்று, விட்டுவிட்டேன்.

இனி வரவு. பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸில் போட்டபடி ‘100 சதவீத வேலைவாய்ப்பு’ வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள். நர்சிங் ஹோமில் வேலை, மாதம் 8,000. எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் அங்கேதான் இருக்கிறாள். ப்ளஸ் டூ முடித்த கையோடு நேரே போய், வேலை இருக்கா அக்கா என்று கேட்டுச் சேர்ந்தவள். அவளுக்கு 7,500. ஆக, தங்கள் படிப்பின் மதிப்பு மாதம் 500 ரூபாய். போட்ட 75,000 திரும்ப 150 மாதம் ஆகும். என் மகள் படித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வருடத்தில் எதிர்வீட்டுப் பெண் 90,000 சம்பாதித்துவிட்டாள். அதையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் 330 மாதம், அதாவது இருபத்தேழரை வருடம். மகளுக்கு இப்போது 19. நாற்பத்தாறு வயது தாண்டியதும் லாபம் கொட்டத் தொடங்கிவிடும். வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன், அதுவரை யாரும் அவசரப்பட வேண்டாம் என்று.

மருத்துவமனைப் பயிற்சி என்ற ஏற்பாட்டைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். செல்போன் கடை மாடியில் நாற்பது பேருக்கு ஒரு பி.பி. மெஷின், ரப்பர் விறைத்துப்போன ஒரு பொம்மைக் கை. இவற்றை வைத்து நான்கு மாதம் வகுப்பு. மீதி எட்டு மாதம் அதே நர்சிங் ஹோமில், அதாவது தங்கள் மைத்துனருடையதில். அங்கே பிள்ளைகள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பெட் போட்டார்கள், டிரிப் பாட்டில் மாற்றினார்கள், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அதற்குச் சம்பளம் கிடையாது. பிள்ளைகள்தான் தங்களுக்கு ஆளுக்கு 6,000 கொடுத்தார்கள். எங்கள் மண்டி முதலாளியிடம் இதைச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்காமல் இத்தனை காலம் ஏமாந்துவிட்டோமே என்று மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மகள் ஒன்றுமே கற்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வார்டில் ஒரு சீனியர் சிஸ்டர் இருக்கிறார். வயதானவர்களுக்கு நரம்பு கண்ணுக்குத் தெரியும், ஊசி போனால் வழுக்கி ஓடும். கட்டை விரலால் கீழ்த்தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணை நம்பாமல் விரலால் தடவிப் பார்த்துப் போடு என்று பக்கத்தில் நின்று கைப்பிடித்துக் காட்டியவர் அவர். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று ராத்திரியில் தட்டி எழுப்பியவரும் அவரே. எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அவர்தான் வாத்தியார். கட்டணம் கேட்டதில்லை. என் கணக்குப்படி அந்த 60,000 அவருக்குப் போக வேண்டியது. தவறுதலாகத் தங்கள் கணக்கில் வரவாகிவிட்டது. மாற்றிவிட ஏற்பாடு செய்யுங்கள்.

தாங்கள் கொடுத்த சான்றிதழ் அழகாக இருக்கிறது. டெல்லியில் எங்கோ பதிவான ஒரு டிரஸ்டின் தங்க முத்திரை வெயிலில் மின்னுகிறது. தமிழ்நாடு செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய மட்டும் அது உதவாது என்கிறார்கள். இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட டிப்ளமா, நான்கு வருட பி.எஸ்சி. இவற்றில் ஒன்றைப் படித்தால்தான் பதிவாம். இந்தப் பதிவுச் சட்டம் 1926-லிருந்தே இருக்கிறது; தங்களுக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை போலும். பதிவில்லாதவள் ஊசி போடக்கூடாது, அதனால் ரெஜிஸ்டரில் போடுவதில்லை. நைட் டியூட்டியில் மட்டும் போடுகிறாள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் அது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதே படுக்கை, பி.பி. பாடங்களை ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் சில மாதங்களில் இலவசமாகவே சொல்லித் தருகிறார்களாம். இலவசமாகக் கிடைக்கிற பொருளுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க யாருக்கு மனம் வரும்?

அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருப்பதை நினைவூட்டலாம் என்றிருந்தேன். பிறகுதான் உறைத்தது, அது கல்லூரிகளுக்கு.

ஆகவே 1,500 ரூபாயை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவைக்கவும்.

இப்படிக்கு,
முதல் வகுப்பு மாணவியின் தகப்பன்

பி.கு.: தெரிந்த பிள்ளையைச் சேர்த்துவிட்டால் தலைக்கு 2,000 என்று தங்கள் ஏஜென்ட் சொல்லியிருந்தார். தங்கச்சி மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தாள். அரசு மருத்துவக் கல்லூரியில் நர்சிங் டிப்ளமாவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்தோம். அங்கே எனக்கு ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை ஐயா.